‘அலறும் தைவான்’: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஷின்ச்சுவிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், இரவு ஒன்பது மணி விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம். தைவானில் ஷின்ச்சு என்னும் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். இங்கே வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்திய நேரத்தைவிட இங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. உங்கள் ஒன்பது மணி விவாதம் தொடங்கும்போது எனக்குப் பதினொன்றரை. பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தால் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அம்மாதான். சீனா குண்டு போட்டுவிட்டானாமே, நீ சாப்பிட்டாயா என்று ஒரே மூச்சில் கேட்பார். இரண்டு கேள்விக்கும் அவருக்குச் சம அக்கறை.

உங்கள் தலைப்புகளைச் சில ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். வினைச்சொற்கள்தான் எனக்கு வேடிக்கை. தைவான் அலறுகிறது, பதறுகிறது, நடுங்குகிறது, கதிகலங்குகிறது. சில வாரங்களில் ஆட்டம் காண்கிறது. கடைசியில் ஒரு கேள்விக்குறி: ‘மூண்டதா மூன்றாம் உலகப் போர்?’ கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்னதாகாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஏழு ஆண்டுகளில் தைவான் உண்மையாகவே அலறியதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பர் 24 இரவு. டோக்கியோவில் நடந்த பிரீமியர் 12 பேஸ்பால் இறுதிப் போட்டியில் ஜப்பானை நான்குக்குச் சுழியம் என்று வீழ்த்தியபோது எங்கள் அடுக்குமாடியே அதிர்ந்தது.

இங்கே ஆபத்து இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலறாத ஊரில் ஆபத்து இல்லை என்று பொருளில்லை. நீங்கள் காட்டும் ஆபத்து வேறு, இங்கே இருக்கும் ஆபத்து வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்ற அவைத்தலைவர் நான்சி பெலோசி தைப்பேய் வந்து போனார். உடனே சீனா தீவைச் சுற்றி ஆறு கடற்பகுதிகளைக் குறித்து ராணுவப் பயிற்சியை அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று பதினொரு ஏவுகணைகளை வீசியது. அவற்றில் ஐந்து தன் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் விழுந்தன என்றும், நான்கு தைவான் தீவுக்கு மேலாகவே பறந்து போயின என்றும் ஜப்பான் சொன்னது. உண்மையிலேயே பெரிய செய்தி. அன்று மாலை உங்களில் ஒரு நிறுவனம் என்னைத் தொலைபேசியில் பிடித்து, பதுங்கு குழியில் இருக்கிறீர்களா என்று கேட்டது. இரவுச் சந்தையில் நின்று சிப்பி ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அன்று சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள், இங்கே காதலர்களுக்கான நாள். சந்தை முழுக்க இளம் ஜோடிகள். அதையும் சொன்னேன். ஒளிபரப்பில் என் குரலில் பன்னிரண்டு நொடிகள் மட்டும் வந்தன. பின்னணியில் சைரன் ஒலி சேர்க்கப்பட்டிருந்தது. திரையின் அடியில் ‘பதுங்கு குழியில் தவிக்கும் தமிழர்’. அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை.

அந்தச் சைரனைப் பற்றி இந்திய அரசே பிறகு உங்களுக்கு எழுத வேண்டி வந்தது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் நடந்த நாட்களில், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் தவிர வேறெங்கும் வான் தாக்குதல் சைரன் ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஓயாமல் கேட்டால் மக்களுக்கு அது பழகிப்போகும், நிஜமாக ஒலிக்கும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

மிரட்டல் ஒரு ஊருக்கு எப்படிப் பழகுகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் கின்மென் தீவுக்குப் போக வேண்டும். தைவான் ஆட்சியில் இருந்தாலும் சீனத்தின் சியாமென் நகரம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். 1958 ஆகஸ்ட் 23 அன்று சீனப் பீரங்கிகள் சுடத் தொடங்கின. நாற்பத்து நான்கு நாட்கள். சுமார் நூற்றைம்பது சதுர கிலோமீட்டர் தீவின் மேல் 4,70,000க்கும் அதிகமான குண்டுகள். தீவு விழவில்லை. அதன் பிறகு நடந்ததைத்தான் நம்ப முடியவில்லை. பெய்ஜிங் ஓர் அறிவிப்புக் கொடுத்தது: இனி ஒற்றைப்படை நாட்களில் சுடுவோம், இரட்டைப்படை நாட்களில் சுட மாட்டோம். அது இருபது ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவும் சீனாவும் தூதரக உறவு தொடங்கிய 1979 ஜனவரி 1 அன்றுதான் நின்றது.

எங்கள் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரின் தாய்வழிக் குடும்பம் கின்மென்காரர்கள். திருமணத்துக்கு நாள் பார்க்கும்போது அவர்கள் வீட்டில் இரண்டு கணக்குப் பார்த்தார்களாம். ஒன்று நட்சத்திரக் கணக்கு, இன்னொன்று பீரங்கிக் கணக்கு. நல்ல நாள் ஒற்றைப்படையில் வந்துவிட்டால் விருந்தை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவார்கள். பின்னாளில் வந்த குண்டுகளில் பெரும்பாலானவை துண்டுப் பிரசுரங்களைச் சுமந்து வந்தவை. வெடித்துச் சிதறாமல் உறை முழுசாக விழும். நல்ல எஃகு. தீவுக் கொல்லர்கள் அதைப் பொறுக்கி வந்து சமையல் கத்தி அடித்தார்கள், இன்றும் அடிக்கிறார்கள். ஓர் உறையில் சுமார் அறுபது கத்திகள் வரும் என்று பட்டறையில் சொன்னார்கள். நானும் ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டு போனேன். அம்மா வாழைப்பூ நறுக்க அதைத்தான் எடுக்கிறார். என்ன இரும்பு அது என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அந்த இருபது ஆண்டுகளில் உங்கள் சேனல் இருந்திருந்தால் ஏழாயிரத்துச் சொச்சம் நாட்களில் பாதி நாட்கள் ‘போர் மூண்டது’ என்று போட்டிருக்கலாம், ஒவ்வொரு முறையும் அது சரியாகவே இருந்திருக்கும், ஒன்றையும் விளக்கியிருக்காது.

இப்போதைய கணக்குக்கு வருகிறேன். தைவான் பாதுகாப்பு அமைச்சகம் 2020 செப்டம்பரிலிருந்து தினந்தோறும் காலையில் ஓர் எண்ணிக்கை வெளியிடுகிறது. முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை சீன விமானங்கள், எத்தனை கப்பல்கள், எத்தனை விமானங்கள் சீனாவுக்கும் தைவானுக்கும் இடையே உள்ள நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டின என்று. ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் நாற்பது. 2024 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 125க்கும் மேல். அதிக எண் வரும் நாளில் நீங்கள் ‘தைவான் வான்வெளியில் ஊடுருவல்’ என்று போடுகிறீர்கள். அது வான்வெளி இல்லை. வான்வெளி கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரைதான். அமைச்சகம் எண்ணுவது வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்தில் பறப்பவற்றை. அந்த மண்டலம் 1950களில் அமெரிக்கர்கள் வரைபடத்தில் இழுத்த கோடு. அது எவ்வளவு தாராளமான கோடு என்றால் சீனப் பெருநிலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் வருகிறது. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் சீன விமானம் தன் சொந்த ஓடுதளத்தில் நின்றாலே ‘ஊடுருவல்’தான். அந்த அபத்தத்தைத் தவிர்க்கவே அமைச்சகம் அங்கே பறப்பவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைச் சொல்வதால் அந்த விமானங்கள் ஒன்றும் செய்வதில்லை என்று ஆகாது. நீரிணையின் நடுக்கோட்டை இரு தரப்பும் பல பத்தாண்டுகள் வாய்ச்சொல் இல்லாமலே மதித்து வந்தன. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு அந்தக் கோடு இல்லாமல் போய்விட்டது. புலி வருகிறது என்று கத்த இங்கே யாருக்கும் தேவையில்லை. புலி வேலிக்கு வெளியே தினமும் நடமாடுகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். வேலியின் முளைகளை இரவோடு இரவாக ஒவ்வொன்றாக யார் பிடுங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்தச் செய்திகளில் எதையும் உங்கள் திரையில் நான் பார்த்ததில்லை.

2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கடலடித் தந்திவடங்கள் சில நாள் இடைவெளியில் அறுந்தன. சீன மீன்பிடிப் படகு ஒன்றும் சரக்குக் கப்பல் ஒன்றும் அந்த வழியே போயிருந்தன. பழுது பார்க்கும் கப்பல் வரும்வரை சுமார் ஐம்பது நாட்கள் அந்தத் தீவுக்காரர்களுக்கு இணையம் ஆமை வேகத்தில்தான் கிடைத்தது. விடுதிகள் முன்பதிவு வாங்க முடியவில்லை. தந்திவடத்தை அறுத்த வேறொரு வழக்கில் 2025 ஜூனில் தாய்னான் நீதிமன்றம் ஒரு சீனக் கப்பல் தலைவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது.

2024 பிப்ரவரி 14 அன்று கின்மென் கடலில் தைவான் கடலோரக் காவல்படை துரத்திய ஒரு சீன விரைவுப் படகு கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து, 23 பயணிகளோடு தீவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு தைவான் சுற்றுலாப் படகில் சீனக் கடலோரக் காவல்படையினர் ஏறினார்கள். துப்பாக்கி சுடவில்லை. படகின் சான்றிதழைக் கேட்டார்கள், மாலுமிகளின் உரிமங்களைப் பார்த்தார்கள், அரை மணி நேரத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். போக்குவரத்துக் காவலர் லைசென்ஸ் கேட்பது போலத்தான். ஆனால் லைசென்ஸ் கேட்பவருக்குத்தானே அந்தச் சாலை சொந்தம்? என் சக ஆய்வாளர்கள் முகத்தில் உண்மையான கலக்கத்தை நான் பார்த்தது ஏவுகணை பறந்த நாளில் இல்லை, அந்த நாளில்தான்.

ஏன் என்று கேட்டால் எரிவாயுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீவின் மின்சாரத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி எரிவாயுவில் கிடைப்பது. கடைசி அணு உலையையும் 2025 மே 17 அன்று மூடிவிட்டார்கள். கத்தாரிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் குளிரூட்டிய வாயுவைச் சுமந்து கப்பல்கள் வந்தபடியே இருக்க வேண்டும். தொட்டிகளில் இருப்பது சுமார் பதினொரு நாளைக்குத்தான். இப்போது அந்தச் சுற்றுலாப் படகை நினைத்துப் பாருங்கள். நாளைக்கே சீனா, தைவான் எங்கள் மாகாணம், ஆகவே அங்கே போகும் கப்பல்கள் எங்கள் சுங்கத்தில் காகிதம் காட்டிவிட்டுப் போகட்டும் என்று அறிவித்தால்? போர் அறிவிப்பு கிடையாது. ஏவுகணை கிடையாது. முற்றுகை என்ற சொல்லைக்கூட யாரும் பயன்படுத்த மாட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றும், இரண்டு கப்பல்கள் தயங்கும், மூன்றாவது திரும்பிப் போகும். அன்றைக்கு உங்கள் செய்தி அறைக்கு வரும் வரி ‘தைவான் நீரிணையில் சுங்கச் சோதனை: சீனா அறிவிப்பு’ என்று இருக்கும். வணிகச் செய்திகளில் பங்குச் சந்தைக்குக் கீழே அதைத் தள்ளிவிடுவீர்கள். அன்று இரவு அம்மா அழைக்க மாட்டார்.

போர் வருமா, எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று விவாதத்தில் கேட்கிறீர்கள். விழுக்காடு சொல்பவர் யாராக இருந்தாலும் அவரை அடுத்த நாள் அழைக்காதீர்கள். 2027 என்ற ஆண்டு உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? 2021 மார்ச்சில் அமெரிக்காவின் அன்றைய இந்தோ-பசிபிக் படைத் தளபதி பிலிப் டேவிட்சன், அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் இந்த ஆபத்து வெளிப்படலாம் என்று செனட் குழுவிடம் சொன்னார். 2023 பிப்ரவரியில் சிஐஏ இயக்குநர் வில்லியம் பர்ன்ஸ், 2027க்குள் படையெடுப்புக்குத் தயாராக இருக்கும்படி ஷி ஜின்பிங் ராணுவத்துக்கு ஆணையிட்டிருக்கிறார் என்றார். கூடவே, படையெடுக்க முடிவு செய்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை என்றும் சொன்னார். உங்கள் திரையில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. அரிவாளுக்குச் சாணை பிடிப்பவன் எல்லாம் வெட்டக் கிளம்பியவன் இல்லை. சாணை பிடிக்கும் சத்தம் கேட்கவே இல்லை என்று சொல்வதும் பொய். 2005இல் சீன நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிரிவினைத் தடுப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு ‘அமைதி வழியல்லாத’ முறைகளுக்கு இடம் கொடுக்கிறது. அது இருபது ஆண்டுகளாக மேசை மேல் கிடக்கிறது.

என் சொந்தக் கணிப்பு இது. ஓர் ஆய்வக ஊழியனின் கணிப்பு, அவ்வளவுதான் மதிப்பு. பெரும்படை கரையிறங்கும் போர் இந்த ஓரிரு ஆண்டுகளில் நடக்கும் என்று நான் நம்பவில்லை. நீரிணை மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரத்தைப் போல நான்கு மடங்கு. ஷின்ச்சுவுக்குக் ‘காற்றின் ஊர்’ என்றே பட்டப்பெயர்; வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இங்கே குடை பிடிக்க முடியாது, கடலில் படகு எப்படி நிற்கும்? கோடையில் புயல்கள். படைகளை இறக்கத் தோதான காலம் ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிய சில வாரங்கள்தான் என்பார்கள். சீன ராணுவம் கடைசியாகப் பெரிய போர் செய்தது 1979இல், வியட்நாமோடு. அந்த ராணுவத்தின் தலைமையிலேயே களையெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. 2023 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் லி ஷாங்ஃபுவே பதவி இழந்தார். ஆனால் நான் மேலே சொன்ன சுங்கச் சோதனை? அதற்குக் காற்று அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

இங்கே உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. நான்கு மாதமாக இருந்த கட்டாய ராணுவப் பயிற்சி 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில், சைரன் ஒலிக்கும். அரை மணி நேரம் தெருவே காலியாகிவிடும், வண்டிகள் நின்றுவிடும், மீறினால் அபராதம் கடுமை. எங்கள் அடுக்குமாடியின் அடித்தள வாகன நிறுத்தம்தான் புகலிடம். வாசலில் எத்தனை பேர் கொள்ளும் என்று மஞ்சள் பலகை மாட்டியிருக்கிறது. ஒரு கேலியையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 9 பிற்பகல் தீவு முழுக்க எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சீனம் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் செயற்கைக்கோள் ஒன்று மேலே பறக்கிறது என்று தெரிந்தது. அதே செய்தியின் ஆங்கில வரியில் ‘ஏவுகணை’ என்று இருந்தது. ஆய்வகத்தில் சீனர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நானும் ஒரு வியட்நாம் மாணவியும் மேசைக்கு அடியில் இருந்தோம். அமைச்சகம் அன்றே மன்னிப்புக் கேட்டது. பிழை செய்தவர்கள் திருத்தம் போடலாம் என்பதற்கு உதாரணமாக உங்களுக்கு எழுதுகிறேன். ‘சீனர்கள்’ என்று எழுதிவிட்டேன். தைவான்காரர்கள் என்று படிக்கவும். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

விவாத மேசையில் நீங்கள் கேட்கத்தக்க கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தீவில் சில ஆயிரம் இந்தியர் இருக்கிறோம். அதில் தமிழர் பங்கு சிறியதல்ல. ஷின்ச்சு பல்கலைக்கழகங்களின் வேதியியல், இயற்பியல் துறை நடைவழிகளில் நடந்து பாருங்கள். 2022இல் உக்ரைனிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை மீட்டார்கள். அவர்களால் போலந்துக்கும் ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் நடந்தாவது போக முடிந்தது. இது தீவு. வான்வழியும் கடல்வழியும் அடைந்துவிட்டால் நடந்து போக நாடு கிடையாது. தைவானோடு இந்தியாவுக்கு முறையான தூதரக உறவும் இல்லை. 1995 முதல் இந்தியா–தைப்பேய் சங்கம் என்ற பெயரில் இயங்கும் அலுவலகம் இருக்கிறது. நெருக்கடி வந்தால் எங்கே கூடுவது, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று டெல்லியில் பொறுப்பானவர்களை அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர்களை இங்கே அனுப்ப ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. ஆட்கள் பெருகும் முன்பே கேட்டால் நல்லது.

இன்னொன்று செய்யாறு. அங்கே சிப்காட்டில் காலணி தைக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்ப்பது தைவான் முதலீட்டில். சுங்குவார்சத்திரத்தில் கைபேசி பூட்டும் ஆலையும் அப்படித்தான். உலகின் மிக நுட்பமான கணினிச் சில்லுகளில் பத்தில் ஒன்பது இந்தத் தீவில் செய்யப்படுகின்றன. அந்த ஆலைகளில் சில என் சன்னலிலிருந்து தெரிகின்றன. எரிவாயுக் கப்பல் திரும்பிப் போனால் இரண்டாவது வாரத்தில் இங்கே மின்வெட்டு. அதன் பிறகு எத்தனை நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு ஷிப்டு குறையும் என்று ஒரு நிருபரை அனுப்பி விசாரியுங்கள். தைவானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, பூந்தமல்லியில் பஸ் ஏறினால் போதும்.

என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் தாராளமாக அழையுங்கள். இந்திய நேரம் இரவு எட்டுக்குள் என்றால் விழித்திருப்பேன். நேரலை என்றால் வருகிறேன். வெட்டி ஒட்டுவதென்றால் வேண்டாம். பின்னணியில் ஒலி எதுவும் சேர்க்கக் கூடாது. பதினொன்று நாற்பது அம்மாவின் நேரம், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஷின்ச்சுவிலிருந்து ஓர் ஆய்வக ஊழியன்